முனிரத்தினம் வாங்கித் தந்த புது மேட்டிங்

லாரியின் பின்கதவு திறந்ததும் முதலில் இறங்கியது வாசனைதான். புதுத் தேங்காய்நாரின் வாசனை. பிறகுதான் வடக்கயிறு போட்டுக் கட்டிய அந்தப் பெரிய உருளையை எங்கள் ஆட்டக்காரர்கள் தோள்கொடுத்து இறக்கினார்கள்.

மைதானத்தின் நடுவில் வைத்துக் கயிற்றை அறுத்தார்கள். உருட்டிவிட்டதும் அது காலை வெயிலில் விரிந்துகொண்டே போனது. களத்தில் நெல் காயப்போட்ட மாதிரி ஒரு மஞ்சள். சுற்றி நின்ற அத்தனை பேரும் கைதட்டினோம்.

எங்கள் கிரிக்கெட் சங்கத்தின் செயலாளர் முனிரத்தினம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்தவர். "எப்படி?" என்று மட்டும் கேட்டார். யாரிடமும் சொல்லாமல், தன் கைக்காசில், ஆடுகளத்தின்மேல் விரிக்கிற இந்த நார் மேட்டிங்கைக் கேரளத்திலிருந்து வரவழைத்திருந்தார். லாரி முதல்நாளே வந்திருக்க வேண்டியது. தொப்பூர்க் கணவாயில் வெங்காய லாரி ஒன்று கவிழ்ந்து, இரவு முழுக்க அங்கேயே நின்றுவிட்டது.

கைதட்டாதவன் ஒருவன்தான். எங்கள் பந்துவீச்சாளன் அன்வர். மேட்டிங்கின் ஒரு முனைக்குப் போய், விக்கெட்டுக்குச் சற்று முன்னால், கேன்வாஸ் ஷூவின் அடியால் மெதுவாகத் தடவிப் பார்த்தான். குனிந்து கையாலும் தடவினான். பிறகு என்னிடம் வந்து காதோடு சொன்னான்:

"அண்ணா, வரப்பு இல்லீங்களே."

மறுநாள்தான் மாநில அணிக்கு ஆள் எடுப்பவர் அவனைப் பார்க்க வருகிறார்.

தேதி பற்றி ஒரு வார்த்தை

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் தேதிப் பைத்தியம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் வேறெப்படி இருப்பேன்? எங்கள் சங்கத்துக்கு ஸ்கோர் எழுதியவனும் நானே. எந்த ஆட்டம் எந்தக் கிழமை, அன்று என்ன நட்சத்திரம் என்பதுவரை சொல்வேன்.

ஆனால் பத்திரிகை ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சார், உங்க தேதிகளைப் படிச்சு வாசகர்கள் தூங்கிடறாங்க." ஆகவே எண்பதுகளின் முற்பாதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மாம்பழம் முடிந்து, அவரைக்காய் வந்த பருவம். இதற்கு மேல் கேட்பவர்கள் தனியே எழுதிக் கேட்கலாம்.

வரப்பு வந்த கதை

புல்தரை விக்கெட்டை அன்றைக்கு எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கெட்டிச் செம்மண் தரை, அதன்மேல் நார் மேட்டிங், சுற்றிலும் ஆணி. அவ்வளவுதான் எங்கள் கிரிக்கெட். மேட்டிங்கை இழுத்து ஆணி அடித்தால் பந்து எகிறும். கொஞ்சம் தளர்த்தினால் திரும்பும். கிரிக்கெட்டைப் பற்றிக் கையில் கிடைத்த அத்தனை புத்தகங்களையும் படித்தவன் நான். மேட்டிங்கைப் பற்றி அவற்றில் ஓரிரு பத்திக்கு மேல் கிடையாது.

எங்கள் பழைய மேட்டிங் சுருட்டி ஓரமாகக் கிடந்த ஒரு மழைக்காலத்தில், முனிரத்தினத்தின் மண்டிக்கு வந்த லாரி ஒன்று மைதானத்து ஓரச் சேற்றில் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் நல்ல மனிதர், வெளியூர்க்காரர். கண்ணில் பட்ட மேட்டிங்கை இழுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். லாரி ஏறிவிட்டது. மேட்டிங் குறுக்கே கிழிந்துவிட்டது.

தைக்க ஊரில் ஒரே ஆள்தான், அன்வரின் அண்ணன் காதர் பாய். சேலம் ரோட்டில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடை அவருடையது. தார்ப்பாய் தைப்பதில் ஒரு முறை உண்டு. கிழிந்த இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மேலே ஒன்று கீழே ஒன்று என இரட்டைத் தையல் போடவேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் இறங்காது.

காதர் பாய் மேட்டிங்கையும் அப்படியே தைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. ஆனால் தையல் நெடுக, விரல் தடிமனுக்கு ஒரு மேடு எழுந்துவிட்டது. அதைத்தான் நாங்கள் வரப்பு என்றோம்.

வரப்பு விழுந்த இடம்தான் விசேஷம். மட்டையாளன் முன்னால் வருவதா பின்னால் போவதா என்று தடுமாறுகிற இடம் ஒன்று எந்த விக்கெட்டிலும் உண்டு. வரப்பு சரியாக அங்கே படுத்திருந்தது. அதில் பட்ட பந்து நெஞ்சுக்கு எகிறும், அல்லது பாம்பு மாதிரித் தரையோடு போகும், அல்லது பக்கவாட்டில் ஒடியும். என்ன செய்யும் என்று பந்துக்கே தெரியாது.

"என்னங்க இது, நடுவுல கரும்புத் தோட்டத்து வரப்பாட்டம்?" என்று சேலத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மேட்டிங்தானுங்களே. நீங்களும் போடுங்க, யாரு வேணாங்கறாங்க?" என்பார் முனிரத்தினம்.

அவர்களும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு விரல் அகலம் என்பது பந்து வீசுகிறவனுக்கு எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் புரிந்தது. அவர்களால் முடியவில்லை, எங்கள் மற்ற ஆட்களாலும் முடியவில்லை. அன்வரால் மட்டும் முடிந்தது. கடை வேலை முடிந்த பின் ஒற்றை ஸ்டம்பை நட்டுவைத்துத் தனியாகப் போட்டுக்கொண்டே இருப்பான்.

தருமபுரியில் ஒருவனுக்கு மந்திரக் கை என்று சேலம், கோவை வரை பேச்சுப் போனது. அது சென்னையில் யார் காதிலோ விழுந்து, 'நேரில் வந்து பார்க்கிறோம்' என்று தகவலும் வந்துவிட்டது. வரப்பின் செய்தி மட்டும் சேலத்தைத் தாண்டவில்லை.

அண்ணன் தம்பி ஒப்பந்தம்

காதர் பாய் தம்பியின் ஆட்டத்துக்கு எதிரி அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து வேலியோரம் நிற்பார். ஆனால் தொப்பூர்க் கணவாய் அடிவாரத்தில் இன்னொரு கடை போட இடம் பார்த்துவிட்டார். ஏற்றத்தில் லாரிகள் நிற்கிற இடம், தார்ப்பாய் கிழியாத லாரி எது? அங்கே உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும்.

அண்ணனும் தம்பியும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். சென்னைக்காரர் அன்வரை எடுத்துக்கொண்டால் காதர் பாய் வேறு ஆள் வைத்துக்கொள்வார். இல்லையென்றால் அடுத்த வாரமே அன்வர் தொப்பூர்க் கடையில் உட்காருவான். பந்தைத் தொடமாட்டான்.

"கோவிச்சுக்கலண்ணா. இருபத்தாறு வயசாயிருச்சு. எத்தனை நாளைக்குத்தான் அவரு ஒத்தையா ஊசி புடிப்பாரு?" என்றான் என்னிடம்.

சனிக்கிழமை நடந்த ஆலோசனை

புது மேட்டிங்குக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது, காதர் பாய், அன்வர், நான் மூவரும் வேப்பமரத்தடியில் கூடினோம். பழைய மேட்டிங் அங்கேதான் சுருண்டு கிடந்தது.

"பழசையே விரிக்கச் சொல்லலாமில்ல?" என்றேன்.

"எப்படிண்ணா சொல்றது? மனுசன் மூஞ்சியப் பாருங்க, பொண்ணு கல்யாணம் மாதிரி நிக்கறாரு" என்றான் அன்வர்.

காதர் பாய் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். இன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் போனப்புறம், புதுசையும் அதே எடத்துல கிழிச்சுத் தச்சுடறேன். அரை மணி நேர வேலை."

நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, முனிரத்தினம் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"எதைக் கிழிக்கறீங்க பாய்?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. பழசைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"பழசை நீங்களே கடைக்கு எடுத்துட்டுப் போங்க, சாக்கு தைக்க ஆகும். ஏம்பா அன்வரு, மெட்ராஸ்ல இருந்து பெரிய மனுசன் வராரு. அந்த ஒட்டுப் போட்ட கந்தல்லயா உன்னை நிறுத்துவேன்? ஊருக்கு மானம் வேண்டாமா?"

அன்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முனிரத்தினம் அவன் தோளில் கை போட்டு, "உனக்காகத்தான்டா வாங்குனேன்" என்றார். அன்வர் ஆணி அடிக்கிற இடத்துக்குப் போய்ச் சுத்தியலை வாங்கிக்கொண்டான்.

ஞாயிறு

சென்னைக்காரர் பேருந்தில் வந்து இறங்கினார். பெரிய விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பி. ஒருகாலத்தில் பெரிய ஆட்டங்களில் ஆடியவர், அதிகம் பேசமாட்டார். நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டார். தூங்குகிறாரா பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

புது நார் விறைப்பாக இருக்குமென்று முனிரத்தினம் விடியற்காலையிலேயே குடம்குடமாகத் தண்ணீர் தெளிக்க வைத்திருந்தார். ஈரம் காயாத மேட்டிங்கில் ஆட்டம் தொடங்கியது. சேலத்துக்காரர்கள் முதலில் மட்டை பிடித்தார்கள்.

பழைய மேட்டிங்கில் வரப்பு இருந்த புளியமரத்து முனையைப் பார்த்து அன்வர் ஓடி வந்தான். முதல் பந்து, அவன் எப்போதும் போடுகிற பந்து. விழுந்தது, எழுந்தது, நேராக மட்டையில் போய் உட்கார்ந்தது. எகிறவில்லை, ஒடியவில்லை. மட்டையாளனே ஆச்சரியப்பட்டு மேட்டிங்கைக் குனிந்து பார்த்தான்.

"எங்கடா உங்க வரப்பு? உழுதுட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டான். அவர்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

அதன்பிறகு எல்லாப் பந்தும் அப்படித்தான். அவன் பந்தில் ரன்னும் பெரிதாக வரவில்லை. ஆனால் ஊர் வந்திருந்தது விக்கெட் பார்க்க. ஸ்டம்ப் பறக்கும், சேலத்துக்காரர்கள் விழிப்பார்கள் என்று வந்தவர்கள் கடலைக்காயை உரித்துத் தின்று முடித்துவிட்டு, தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உணவு இடைவேளைவரை அந்த முனைக்கு அவன் ஒருவனே போட்டான். ஒரு விக்கெட்கூட இல்லை.

வேலியோரம் காதர் பாயைப் பார்த்தேன். தம்பி தோற்பதைப் பார்க்கிற முகம். தொப்பூர்க் கடைக்கு நல்லதுதான் நடந்துகொண்டிருந்தது, ஆனால் அவர் முகத்தில் அது தெரியவில்லை.

களியின் உபயம்

விருந்தாளிக்குச் சாம்பார், ரசம் என்று இலை போட்டிருந்தார் முனிரத்தினம். சென்னைக்காரர் பக்கத்துப் பந்தியை எட்டிப் பார்த்து, "அது என்ன?" என்றார். ஆட்டக்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும். தனக்கும் அதுவே வேண்டுமென்று வாங்கிக்கொண்டு, ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"அய்யோ, மெல்லக் கூடாதுங்க! கொழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்" என்று பதறினார் முனிரத்தினம்.

மனிதர் கண்ணில் நீர் வர விழுங்கினார். ஒரு உருண்டையை விடாமல் முடித்தார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் நடந்தாத்தான் சரிப்படும்" என்று எழுந்து மைதானத்துக்குள் போனார். மரியாதைக்காக முனிரத்தினமும் நானும் பின்னால் போனோம்.

புளியமரத்து முனை வந்ததும் முனிரத்தினம் அலறினார்.

"யாருடா அது? புது மேட்டிங்ல வெத்தல எச்சி துப்புனது யாருடா?"

நெல்மணி நிறத்து மேட்டிங்கில், விக்கெட்டுக்குச் சற்று முன்னால், செக்கச்செவேல் என்று ஒரு கறை. எல்லார் கண்ணும் நடுவர் மாதப்பன்மேல் திரும்பியது. நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி அவர். வாயில் வெற்றிலை இல்லாமல் அவுட் கொடுக்கமாட்டார்.

"சாமி சத்தியமா நானில்லீங்க! நான் பவுண்டரிக்குப் போய்த்தான் துப்புவேன். வேணும்னா அங்க வந்து பாருங்க!" என்றார் மாதப்பன்.

சென்னைக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து கறையை விரலால் தேய்த்தார். முகர்ந்தார். எழுந்து மறுமுனைக்கு நடந்தார். அங்கே மேட்டிங் முழுக்க அம்மை போட்ட மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளிகள். எங்கள் மற்ற பந்துவீச்சாளர்கள் போட்டவை. ஈர நாரில் புதுப் பந்தின் சாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. செம்மண் ஏறிய பழைய மேட்டிங்கில் இது என்றைக்கும் தெரிந்ததில்லை.

திரும்பி வந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அந்தச் சிவப்பின்மேல் வைத்தார். தொப்பிக்கு வெளியே ஒரு புள்ளிகூட இல்லை.

"இந்த முனைக்கு யார் யார் போட்டாங்க?"

"அன்வர் மட்டும்தான் சார்" என்றேன்.

"கூப்பிடுங்க."

அன்வர் கையில் களி ஒட்டியிருக்க ஓடிவந்தான். பின்னாலேயே காதர் பாய்.

"எதைப் பாத்துப்பா இங்கேயே போடறே?"

அன்வர் அண்ணனைப் பார்த்தான். முனிரத்தினம் இருமினார். நானும் கண்ணால் வேண்டாம் என்றேன். இத்தனை வருட விக்கெட்டும் ஒரு கோணல் தையல் கொடுத்தது என்று சொன்னால் எவன் எடுப்பான்?

"பழைய மேட்டிங்ல இந்த எடத்துல ஒரு வரப்பு இருந்துச்சுங்க சார். எங்கண்ணன் தச்சது. அதுல பட்டா பந்து எகிறும். நான் எடுத்த விக்கெட்டெல்லாம் அது குடுத்ததுதானுங்க. இன்னைக்கு அது இல்ல. ஆனா கை வேற எடத்துக்குப் போக மாட்டேங்குது."

சென்னைக்காரர் பழைய மேட்டிங்கைப் பார்க்கவேண்டும் என்றார். வேப்பமரத்தடியில் பிரித்துக் காட்டினோம். கட்டைவிரலால் தையலை நீவிப் பார்த்தார்.

"இதை ஏன் இப்படி மடிச்சுத் தச்சீங்க?"

"தண்ணி எறங்காதுங்க" என்றார் காதர் பாய்.

"மேட்டிங்ல தண்ணி எறங்கினா என்ன?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் தச்சா தண்ணி எறங்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் பல்லைப் பார்த்தோம். சிரித்து முடித்து அன்வரிடம் சொன்னார்:

"தம்பி, நாங்க ஆடறது புல்தரையில. அங்க வரப்பெல்லாம் கிடையாது. ரெண்டு நாள் ஒண்ணுமே நடக்காது. மூணாவது நாள் தரை காஞ்சு, ஒரு எடத்துல வெடிப்பு விடும். அந்த வெடிப்புல சொல்லிவச்ச மாதிரி போடறதுக்கு ஒருத்தனைத்தான் நான் ஊர் ஊரா பஸ்ல தேடிட்டு இருக்கேன்."

காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேட்டிங்கைச் சுருட்ட ஆரம்பித்தார். "தொப்பூருக்கு வேற ஆளுதான் பாக்கணுமாட்டம்" என்று மேட்டிங்கிடமே சொன்னார்.

அன்றைய ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். யாருக்கும் அது ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது. மறுநாள் முனிரத்தினம் அந்தக் கறையைப் போக்கத் தன் மண்டியின் முதல்தரப் புளியைக் கரைத்துத் தேய்க்கச் சொன்னார். பித்தளைக்கு ஆகிற வைத்தியம் தேங்காய்நாருக்கு ஆகவில்லை. சிவப்பு கருஞ்சிவப்பாகி நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

மூன்றாவது நாள்

மாநில அணிக்கு அன்வர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் அதிகம் இல்லை. பருவத்துக்குப் பருவம் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்றுதான் ஓடியது. அவற்றையெல்லாம் தேதிவாரியாக எழுத எனக்கு ஆசைதான். ஆசிரியருக்குப் பயந்து, முதல் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

முனிரத்தினம், காதர் பாய், நான் மூவரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனோம். சுற்றிலும் பச்சைப் புல்லைப் பார்த்த காதர் பாய் கேட்ட முதல் கேள்வி: "இத்தனை புல்லுக்கு ஒரு மாடுகூட இல்லியே?"

இரண்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. அன்வருக்குப் பந்து கிடைத்ததே கொஞ்சம். இரண்டாம் நாள் சாயங்காலம் முனிரத்தினம் பொறுமை இழந்தார். "அங்க பாருங்க, பிட்ச்சு வெடிக்குது. இவ்வளவு பெரிய ஊரு, நல்லதா ஒண்ணு போடக் கூடாதா? நானா இருந்தா..."

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் அன்வரைக் கூப்பிட்டார்கள். பந்தை வாங்கிக்கொண்டவன் நேராக ஓட்டத்தின் தொடக்கத்துக்குப் போகவில்லை. மறுமுனைக்கு நடந்து, விக்கெட்டுக்குச் சற்று முன்னால் குனிந்து, தரையைக் கையால் தடவினான். எங்கள் மைதானத்தில் புது மேட்டிங் விரித்த அன்று தடவிய அதே மாதிரி. இந்த முறை நிமிர்ந்தபோது நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான்.

"தையல் விட்டிருக்குது" என்றார் காதர் பாய்.

அன்வர் ஓடி வந்தான். பந்து அந்த இடத்தில் விழுந்தது. நெஞ்சுக்கு வரும் என்று மட்டையாளன் பின்னால் போனான். பந்து பாம்பு மாதிரித் தரையோடு போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

நானும் முனிரத்தினமும் எழுந்து கத்தினோம். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்கள். காதர் பாய் மட்டும் எழவில்லை. முனிரத்தினத்தின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கறாராக இருந்தது.

"மொதலாளி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இவங்களுக்குப் புதுசா ஒண்ணும் வாங்கிக் குடுத்துடாதீங்க."